வைத்தவர் வந்தால்

22.06.2009 திங்கள்

இந்தக் கொப்பியைச் சனிக்கிழமை மிஸ் சுகந்தினி தந்தார். அவர் வவுனியா நகரிலிருந்து வாரம் ஒருமுறை முகாமுக்கு வரும் உளவளத்துணை அலுவலர். முகாமில் அகப்பட்டிருக்கிற ஆசிரியர்களில் சிலரைப் பிடித்து, இரண்டு நாள் பயிற்சி தந்து, ஆளுக்கொரு விளையாட்டுக் கொட்டிலை ஒப்படைத்திருக்கிறார். சண்டையில் பயந்துபோன பிள்ளைகளை நாங்கள் தேற்ற வேண்டுமாம். நானும் ஒருத்தி. பெயர் தவமலர், ஆரம்பப் பிரிவு டீச்சர், பதினாறு வருட அனுபவம்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று தினமும் எழுத வேண்டும். கடைசி வரியில் 'தொண்டரின் மனநிலை' என்று ஒன்று இருக்கிறது.

"அதையும் எழுதுங்கோ டீச்சர். ஒளிக்காமல் எழுதுங்கோ, நான் வாசிக்கமாட்டன்" என்றார்.

வாசிக்காத கொப்பியில் ஒளித்தால் என்ன, ஒளிக்காவிட்டால் என்ன. கேட்கவில்லை. நல்ல பெண். குதி உயர்ந்த செருப்போடு இந்தச் சேற்றுக்குள் நடக்கிறார்.

கொட்டில்: தகரக் கூரை, பிளாஸ்ரிக் தறப்பாள் சுவர், ஒரு நீள மேசை, ஒரு பெட்டி கலர்ப் பென்சில், காற்றுப் போகிற பந்து ஒன்று. பிள்ளைகள் பத்தொன்பது பேர்.

மனநிலை: சுகம்.

23.06.2009

படம் கீறச் சொன்னேன். பிள்ளைகள் ஷெல்லும் இரத்தமும் கீறுவார்கள், திடுக்கிடக் கூடாது, "வடிவாயிருக்கு" என்று சொல்லக் கூடாது, "இதைப்பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்க வேண்டும் என்பது பயிற்சி. பத்தொன்பது பேரும் ஒரே படம் கீறினார்கள். ஒரு வீடு, ஒரு தென்னை, மூலையில் சூரியன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பழக்கின படம்தான்.

"வடிவாயிருக்கு" என்றேன்.

மனநிலை: சுகம்.

25.06.2009

சோறும் சோயாமீற்றும். தொடைக் காயத்துக்கு மருந்து கட்டினேன். இன்னும் கசிகிறது.

மனநிலை: சுகம்.

29.06.2009 திங்கள்

கொட்டிலுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். இடுப்பளவு ஆழம். இப்போது அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற விளையாட்டெல்லாம் ஒப்புக்குத்தான். உண்மையான விளையாட்டு அங்கேதான் நடக்கிறது.

தலைவி ஜெனிற்றா. பதினொரு வயது, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, வாய் ஓயாது. அவள்தான் அம்மா, வாய்க்கால்தான் ஷெல்லுக்கு ஒளிகிற பங்கர். "கூவுது! கூவுது!" என்று கத்தினால் மற்றவர்கள் ஓடிப்போய் வாய்க்காலுக்குள் குந்த வேண்டும். அவள் ஒவ்வொருவராகப் பிடித்து உள்ளே வைத்து, மேலே கிழிந்த தறப்பாளை இழுத்து மூடிவிட்டு, வாளி எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாதிரிப் போகிறாள். உள்ளே இருந்து பாட்டு வருகிறது.

காதைப் பொத்து வாயைத் திற
தலையைக் குனி எண்ணி இரு
வைத்தவர் வந்து கையைத் தந்தால்
வெளியே வா வெளியே வா

ஜெனிற்றா வந்து கையைக் கொடுக்கும்வரை ஒருவரும் அசையவில்லை. நான் பரீட்சித்துப் பார்த்தேன். "பிஸ்கட் தந்திருக்கினம், வாங்கோ" என்று தறப்பாளைத் தூக்கினேன். ஒரு பொடிப்பெண் விரலை வாயில் வைத்து, "டீச்சர் எங்களை வைக்கேல்லைத்தானே" என்றது.

பாட்டு யார் எழுதினார்களோ தெரியாது. பள்ளிக்கூடங்களில் பழக்கியது. ஷெல் ஓய்ந்த இடைவெளியில் பிள்ளைகள் தாயைத் தேடி வெளியே ஓடிவிடுவார்கள், அடுத்தது அப்போதுதான் விழும். அதற்காகத்தான் இந்தப் பாட்டு. நல்ல பலன் இருந்தது என்று சொன்னார்கள்.

மனநிலை: சுகம்.

03.07.2009

சாப்பாட்டு வரிசையில் பார்சல் கொடுக்கிற பெடியன் "எத்தினை பேர்?" என்றான். "ரெண்டு" என்றேன். வாய்ப் பழக்கம். மிஞ்சின பார்சலைப் பக்கத்துக் கூடாரத்து இராசமணி அக்காவிடம் கொடுத்தேன். அவர், "திங்கக்கிழமையும் இப்பிடித்தானே தந்தனீங்கள் டீச்சர்" என்றார்.

06.07.2009 திங்கள்

பின்னேரங்களில் அலுவலகக் கொட்டிலில் காணாமல் போனவர்களுக்கான படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். எழுதத் தெரியாத சனம் நிறைய, என் எழுத்து உருண்டையாக இருக்கும். இன்று ஏழு. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம், கடைசியாகக் கண்டவர், அடையாளங்கள். சனங்கள் அடையாளத்துக்கு வந்ததும் நிறுத்தாமல் கதைப்பார்கள். கோடு இரண்டுதான் இருக்கிறது, நான் சுருக்கி எழுதுவேன்.

மேசையில் இருக்கிற விமலேந்திரன், "உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ டீச்சர்?" என்றார். அவர் பழைய தபாற்காரர்.

"இல்லை" என்றேன்.

திரும்பி வரும்போது பெயர்ப் பலகையைப் பார்த்தேன். முகாமின் மற்ற வலயங்களில் இருக்கிறவர்களின் பட்டியலை அதில் ஒட்டுவார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் தினமும் பார்க்கிறேன்.

மனநிலை: சுகம்.

09.07.2009

இராசமணி அக்கா ஒரு பெண்பிள்ளையைக் கொட்டிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறு ஏழு வயதிருக்கும். நீலச் சட்டை. வாய் பேசாது. பெயர் தெரியாது. இரண்டு மாதமாக அவர் கூடாரத்துக்குள் மூலையில் கிடந்ததாம். நான் பக்கத்தில் இருந்தும் கண்டதில்லை.

"கடைசி நாள் எல்லாரும் நடந்து வரேக்க, ஒரு பங்கருக்குள்ள இது தனிய இருந்துது, டீச்சர். கூப்பிட்டன், வரேல்லை. விட்டிட்டு வர மனம் கேக்குதோ? இழுத்துத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். அண்டையில இருந்து என்னைக் கண்டால் கடிக்குது." கையைக் காட்டினார். வரிசையாகப் பல் அடையாளம்.

"பங்கருக்குள்ள தண்ணி இருந்ததோ?" என்றேன்.

"ஒரு போத்தல். அரைவாசி."

"எந்தப் பக்கம்? கடற்கரைப் பக்கமோ, றோட்டுப் பக்கமோ?"

"ஆருக்குத் தெரியும்."

"பக்கத்துப் பங்கருகளையும் பாத்தனீங்களோ?"

"எப்பிடிப் பாக்கிறது டீச்சர்? நடக்கிறதே பெரும்பாடு" என்றவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

ஏன் இவ்வளவு கேட்டேன் என்று தெரியவில்லை. பிள்ளைக்குப் பென்சில் கொடுத்தேன். வாங்கவில்லை. நான் திரும்புவதற்குள் எழுந்துபோய் வாய்க்காலின் கடைசி வளைவில் குந்திக்கொண்டது. காதைப் பொத்தி, வாயைத் திறந்து. பின்னேரம் இராசமணி அக்கா வந்து கடி வாங்கித் தூக்கிக்கொண்டு போனார்.

16.07.2009

நீலச் சட்டை வாய்க்காலில். காலை முதல் பின்னேரம்வரை. ஜெனிற்றா தன் விளையாட்டில் சேர்த்துக்கொண்டு கையைக் கொடுத்துப் பார்த்தாள். வரவில்லை. "இது என்ர பிள்ளை இல்லை டீச்சர், வேற ஆரோ வைச்சிருக்கினம்" என்று கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

குழந்தை பேசவில்லை என்றால் காது கேட்காதோ என்று நினைத்து, பின்னால் நின்று தட்டைத் தட்டினேன். அடுத்த நொடி மண்ணில் முகம் புதைந்துவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது.

தட்டியிருக்கக் கூடாது.

24.07.2009

மிஸ் சுகந்தினி வந்தார். உறவினர் இல்லாத பிள்ளைகளை வேறு ஊரிலுள்ள ஓர் இல்லத்துக்கு அனுப்பப்போகிறார்களாம். எங்கள் வலயத்தில் நீலச் சட்டை மட்டும்தான். வாகனம் ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி.

"தன்ர பேர், இல்லாட்டி அப்பாவின்ர பேர், ஒரு பேர் சொன்னாப் போதும் டீச்சர். பலகையில போட்டு ஆக்களைத் தேடலாம். ஒண்டும் சொல்லாட்டி அனுப்பத்தான் வேணும். அங்க போனால் பேரில்லாத பிள்ளையாத்தான் வளரும். பிறகு ஆரும் தேடினாலும் கண்டுபிடிக்கேலாது."

இராசமணி அக்கா, "போகட்டும், அங்கயாவது கடிக்காமல் இருக்கும்" என்றார். பிறகு கூடாரத்துக்குள் போய் அழுதார். தறப்பாளுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. ஐந்து கிழமை இருக்கிறது என்று கணக்குப் பார்த்தேன்.

மனநிலை: சுகம்.

03.08.2009

பலகை பார்த்தேன். புதுப் பட்டியல் இல்லை.

04.08.2009

பலகை பார்த்தேன்.

14.08.2009 வெள்ளி

காலை வெயில். பிள்ளைகள் வாய்க்காலில் விளையாட்டு. பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் மன்னார்க்காரரின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். வெளியே விடுகிறார்கள், உடனே வரவேண்டுமாம். ஜெனிற்றாவின் தகப்பன் ஓடிவந்து, தண்ணீர் அள்ளுகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தவளை அப்படியே கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினாள். போகிற சந்தோசம் என்று நினைத்து நானும் கை காட்டினேன்.

அவள் என்ன கத்தியிருப்பாள் என்று மழை வந்த பிறகுதான் விளங்கியது.

பிற்பகல் இரண்டு மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. பிள்ளைகளெல்லாம் சாப்பிடக் கூடாரங்களுக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய், "என்ர பெடிச்சி எங்கை டீச்சர்?" என்று வந்தாள். பின்னால் ஓடினேன். கிழிந்த தறப்பாளுக்குக் கீழே ஆறு பேர். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடுகிறது. பாட்டுப் பாடிக்கொண்டு இருக்கிறார்கள். ஒருத்தியின் உதடு நீலம்.

"வெளியில வாங்கோ!"

"ஜெனிற்றா அக்கா வரேல்லை."

"அவ போட்டா. பஸ்ஸில போட்டா. இனி வரமாட்டா. வாங்கோ!"

"அப்ப இருக்கத்தானே வேணும், டீச்சர்" என்றது அன்று வாயில் விரல் வைத்த அதே பொடிப்பெண். எனக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரிப் பொறுமையாகச் சொன்னது.

தாய்மார் ஓடிவந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஆளுக்கு இரண்டு அடி. பிறகு கட்டிப்பிடித்து அழுகை. கடைசி வளைவில் நீலச் சட்டை மட்டும் மிச்சம். தண்ணீர் அவள் நெஞ்சில். நான் இறங்கினேன். காயக் கால் வழுக்கி நானும் விழுந்தேன். கையை நீட்டினேன். அந்தக் கண் என் கையைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது, பிறகு என்னைத் தாண்டி வேறு யாரோ வருகிறார்களா என்று பார்த்தது.

இராசமணி அக்கா இறங்கி அள்ளிக்கொண்டு ஏறினார். கடி வாங்கினார்.

மனநிலை:

15.08.2009

மழை. கூடாரத்துக்குள் தண்ணீர். பாயைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு வாளிக்கு மேல் இருந்து எழுதுகிறேன்.

பாட்டு நான் எழுதியது.

போன வருடம் பள்ளிக்கூட முற்றத்தில் காலைக் கூட்டத்தில் பழக்கினேன். முதலில் மூன்று வரிதான் இருந்தது. மூன்றாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் ஓய்ந்துவிட்டதென்று வெளியே ஓடி முடிந்துபோனான். அதற்குப் பிறகுதான் அந்த 'வைத்தவர் வந்து கையைத் தந்தால்' என்ற வரியைச் சேர்த்தேன். அதிபர் அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டிலும் பழக்கினேன்.

17.08.2009 திங்கள்

ஒரு யோசனை. மிஸ் சுகந்தினியின் பயிற்சியில் இது இல்லை.

இந்தப் பிள்ளையை யார் வைத்தார்களோ, அவர்கள் இனி வரப்போவதில்லை. இராசமணி அக்கா வைக்காமல் எடுத்தார், அதனால்தான் கடி. அப்படியானால் நான் முதலில் வைக்க வேண்டும்.

வாய்க்காலில் தண்ணீர் என்பதால் நீலச் சட்டை இன்று கொட்டிலின் மேசைக்குக் கீழே. பக்கத்தில் போய் இருந்தேன். "பிள்ளை, நான் உன்னை இப்ப வைக்கிறன். நான்தான் திரும்பி வந்து எடுப்பன்" என்றேன். தோளைப் பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். தறப்பாளால் மூடினேன். வாசல்வரை போய்ப் பத்து எண்ணிவிட்டு வந்தேன். தறப்பாளைத் தூக்கிக் கையைக் கொடுத்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தது. வரவில்லை.

மறுபடி வைத்தேன். மறுபடி போனேன், வந்தேன். பதினாலாவது தரம் கை என் உள்ளங்கையில் இருந்தது. சின்னக் கை, குளிர்ந்துபோய். வெளியே வந்து நின்றது.

நான் எழும்பச் சற்று நேரம் பிடித்தது. கால் விறைத்துவிட்டது.

19.08.2009

இன்று தண்ணீர்ப் பவுசர் வரும் இடம்வரை போய் வந்தேன். பிள்ளை இருந்தது, கையைக் கொடுத்ததும் வந்தது. வந்து கஞ்சி குடித்தது. இராசமணி அக்காவைக் கடிக்கவில்லை. அக்கா அதிசயப்பட்டு, "என்ன மந்திரம் போட்டனீங்கள்?" என்றார்.

மற்றப் பிள்ளைகள் பார்த்துவிட்டு, "எங்களையும் வையுங்கோ டீச்சர்" என்று வரிசையில் நிற்கிறார்கள். பதினொரு பேரை மேசைக்குக் கீழே வைத்தேன். போனேன். வந்தேன். ஒவ்வொரு கையாகப் பிடித்து எடுத்தேன். ஒருத்தி வெளியே வந்ததும் ஓடிப்போய் மறுபடி வரிசையின் கடைசியில் நின்றாள்.

21.08.2009 வெள்ளி

மிஸ் சுகந்தினி வந்த நேரம் பார்த்து எல்லாரும் மேசைக்குக் கீழே. நான் வெளியிலிருந்து வருகிறேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இதையோ டீச்சர் நான் சொல்லித் தந்தனான்? மறக்க வைக்கத்தானே வந்தனாங்கள்? நீங்கள் திரும்பவும் பங்கருக்குள்ள விடுறியளே!"

"விடுறதில்லை மிஸ். எடுக்கிறன்."

"இதை நிப்பாட்டுங்கோ. எழுத்தில தாறன்."

தந்தார். கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அவரைப் பிழை சொல்ல முடியாது. அவர் பங்கருக்குள் இருந்ததில்லை.

திங்கட்கிழமையும் செய்வேன். ஏழு நாள் இருக்கிறது.

25.08.2009 செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பத்து மணிக்கு நீலச் சட்டையை வைத்தேன். பெயர்ப் பலகைவரை போய்வரக் கால்மணி நேரம். "பலகை பாத்திட்டு வந்து எடுப்பன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். பலகைக்குப் பக்கத்தில் நின்ற காவல்காரர் என் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆசிரியர்களுக்கெல்லாம் பதிவு இருக்கிறது, உள்ளே போ என்றார். கம்பிக்கு அந்தப் பக்கம். நாற்பது ஐம்பது பேர். கதவைப் பூட்டினார்கள். "ஒரு பத்து நிமிசம்" என்றார்கள்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு. கதவடியில் நின்ற வேறொரு காவல்காரரிடம் போய்ச் சொன்னேன், கொட்டிலில் பிள்ளை ஒன்று இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று. அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. இருக்கச் சொல்லிக் கையால் காட்டினார். இருந்தேன். ஒரு மணி. எண்ணிக்கொண்டு இருந்தேன். எதை எண்ணினேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு நான் கத்தினேன் என்று சொல்கிறார்கள். கம்பியைப் பிடித்து உலுக்கினேனாம். விமலேந்திரன்தான் பக்கத்துக் கொட்டிலில் கேட்டுவிட்டு ஓடிவந்து, சிங்களத்தில் ஏதோ சொல்லி என்னை எடுத்துவிட்டார். அவரிடம் பின்னேரம் கேட்டேன், நான் என்ன கத்தினேன் என்று. முதலில் சொல்ல மறுத்தார்.

"'என்ர பிள்ளை பங்கருக்குள்ள இருக்கு, கஞ்சி வாங்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான், என்னை விடுங்கோ' எண்டு கத்தினனீங்கள் டீச்சர்" என்றார்.

நான் ஓடினேன். இந்தக் காலோடு ஓடினேன். கொட்டிலில் ஒருவரும் இல்லை, பிள்ளைகளெல்லாம் போய்விட்டார்கள். மேசைக்குக் கீழே தறப்பாள் அசையாமல் இருந்தது. அதைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு நாளில் முதல்தரம் பயந்தேன்.

தூக்கினேன். காதைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்றரை மணி நேரம். கையைக் கொடுத்தேன். அது பார்த்தது. வாயை மூடியது. கையைப் பிடித்தது.

"பிந்திப்போனீங்கள்" என்றது.

குரல் கரகரவென்று இருந்தது. கோபக் குரல். நான் மண்ணில் குந்தி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஒப்பாரி மாதிரிப் பெரிதாக அழுதேன். சனம் கூடிவிட்டது. பிந்திப்போனேன், பிள்ளை, பிந்திப்போனேன் என்று எத்தனை தரம் சொன்னேனோ. அது என் முதுகில் தட்டியது. இராசமணி அக்கா தட்டுகிற மாதிரியே.

கொஞ்சம் ஓய்ந்த பிறகு, "உன்ர பேர் என்ன பிள்ளை?" என்றேன்.

"நிறைமதி."

"அப்பா?"

"குலவீரசிங்கம்."

"ஆர் உன்னை வைச்சது?"

"அம்மா" என்றது. பிறகு, "அம்மா பிந்திப்போட்டா" என்றது.

26.08.2009

பெயர் பலகையில். விமலேந்திரன் மற்ற வலயங்களுக்கும் அனுப்பினார்.

இன்று முழுநாளும் படுத்திருந்தேன். இராசமணி அக்கா தேத்தண்ணி தந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். எனக்கு ஒரு மகள். ஒன்பது வயது. அவளின் அப்பா காய்ச்சலில் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும்தான். ஏப்ரலில் ஒரு காலை அவளைப் பங்கரில் வைத்துவிட்டுக் கஞ்சி வரிசைக்குப் போனேன். வரிசையில் ஷெல் விழுந்தது. தொடையில் பட்டு நினைவு போய்விட்டது. யாரோ உழவு இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கண் விழித்தபோது சண்டைக் கோட்டுக்கு இந்தப் பக்கம். திரும்பிப் போக முடியவில்லை.

"ஆரும் எடுத்திருப்பினம் டீச்சர். நான் எடுக்கேல்லையோ?" என்றார் அக்கா.

"கூப்பிட்டால் வரமாட்டாள், அக்கா. நான் பழக்கினது."

27.08.2009

மாலை மூன்று மணிக்கு, மூன்றாம் வலயத்திலிருந்து தகப்பனின் தங்கை வந்தார். சிவகௌரி என்று பெயர். மெலிந்த பெண். பிள்ளையைக் கண்டதும் விழுந்து கும்பிட்டார், யாரைக் கும்பிட்டார் என்று தெரியவில்லை. தாயும் தகப்பனும் இல்லையாம், செத்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். நிறைமதி அவரை அடையாளம் கண்டுகொண்டது. ஆனால் போகவில்லை, மேசைக்குக் கீழே போய்விட்டது.

28.08.2009 வெள்ளி

இல்லத்து வாகனம் வந்து வெறுமையாகப் போனது. மிஸ் சுகந்தினி என்னைப் பார்த்தார். தான் எழுத்தில் தந்ததைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஒருக்காச் செய்து காட்டுங்கோ டீச்சர்" என்றார்.

அதுவே கடைசித் தரமாகப் போயிற்று. நான் நிறைமதியை வைத்தேன். வெளியே போய், சிவகௌரியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தறப்பாளைத் தூக்கி என் கையைக் கொடுத்தேன். பிள்ளை வெளியே வந்ததும், அந்தக் கையை அப்படியே சிவகௌரியின் கைக்குள் வைத்தேன். "இனி மாமியும் எடுக்கலாம். நான் சொல்லுறன்" என்றேன்.

நிறைமதி யோசித்தது. "மாமி பிந்தினால்?"

சிவகௌரி என்னைப் பார்த்தார். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லிப் பதினாறு வருடம் பழகினவள் நான்.

"பிந்தினால் நீயே வெளியில வரலாம்" என்றேன். "வந்து மாமியைத் தேடலாம். ஷெல் இனி இல்லை. பாட்டில அந்த 'வைத்தவர் வந்து' வரி இனி இல்லை, நான் எடுத்திட்டன்."

"நீங்கள் எப்பிடி எடுக்கிறது?"

"நான்தான் எழுதினனான்."

அது தலையாட்டியது. போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

மனநிலை: பொய் எழுத விருப்பமில்லை. நெஞ்சு நோகிறது. மகளைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

31.08.2009 திங்கள்

பின்னேரம் படிவக் கொட்டிலுக்குப் போனேன். விமலேந்திரன் வழக்கம்போல எனக்கு ஒரு கட்டுப் படிவம் எடுத்து வைத்தார். ஒன்று போதும் என்றேன். அவர் எழுந்துபோய் வெளியே நின்றார்.

பெயர்: தேனுகா.

வயது: ஒன்பது. கார்த்திகை வந்தால் பத்து.

கடைசியாகக் கண்ட இடம்: கடற்கரைப் பக்கம், இரண்டு பனைக்கு நடுவில், பச்சைச் சேலையில் தைத்த மண்மூட்டை அடுக்கிய பங்கர்.

கடைசியாகக் கண்டவர்: தாய்.

அடையாளங்கள் என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கும் நிறுத்தத் தெரியவில்லை. கோடு இரண்டுதான். இடது புருவத்தில் தழும்பு, மஞ்சள் சட்டை என்று எழுதினேன். மிச்சத்தைச் சுருக்க முடியாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.

பிள்ளை சொன்னபடி இருக்கும். யார் கூப்பிட்டாலும் வெளியே வராது. இழுத்தால் கடிக்கும், கோபிக்க வேண்டாம். கண்டால் எனக்கு அறிவிக்கவும். நான் வந்து கையைக் கொடுக்க வேண்டும்.